பதினோரு விநாடித் தண்ணீர்

காப்பீட்டு அலுவலகத்தின் ஆண்டறிக்கையில் அவரைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: "முதுநிலை எழுத்தர், நீர்ச்சேதப் பிரிவு. அமைதியான சுபாவம். கற்பனை நாட்டம் இல்லை. போட்டி மனப்பான்மை அறவே அற்றவர். பிறருடைய திறமையை மனமுவந்து பாராட்டுபவர். கோப்புகளை முடித்து வைப்பதில் வல்லவர்."

இதை எழுதிய மேலாளர் பத்தொன்பது ஆண்டுகளில் அந்த எழுத்தரின் உச்சி வகிட்டைத் தவிர வேறெதையும் சரியாகப் பார்த்ததில்லை. வகிடு நேராகத்தான் இருந்தது. அறிக்கையின் கடைசி வரியும் உண்மைதான். குழாய் வெடித்த வீடு, சுவரில் ஈரம் ஊறிய கடை, மேல்தொட்டி வழிந்து கீழ்வீட்டு மெத்தை நனைந்த வழக்கு என்று எது வந்தாலும் நான்கே நாளில் படித்து, குறிப்பெழுதி, "முடிக்கப்பட்டது" என்ற முத்திரையை ஓங்கிக் குத்திவிடுவார். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து மேசைக்காரர் திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போட்டுவிடுவார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி ஆனால், முடியாத விஷயங்களுக்காக உயிரை விடுகிற கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதும் இவரேதான்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, காகிதக் கட்டுகள் அடுக்கிய அறையில் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். முடிவு என்னவென்று சொல்லாமலே முடிந்துபோகும் தொடர்கள், அதேபோல் முடியும் சாகச விளையாட்டுகள், இவற்றைப் பற்றி வாரா வாரம் வாதாடுவதுதான் வேலை. கடைக்காரருக்கு விளையாட்டுப் பித்து. அவருடைய தீவு விளையாட்டில், எல்லாச் சாவிகளையும் தேடிப் பிடித்து எல்லாக் கதவுகளையும் திறந்தபின், நாயகன் பெட்டியோடு படகுத்துறையில் நிற்பான். தூரத்தில் ஒரு படகு. வருகிறதா, போகிறதா? புகை சாயும் திசையை வைத்து வருகிறது என்று கடைக்காரர் நிறுவினார். கொடி பறக்கும் திசையை வைத்து போகிறது என்று பல் டாக்டர் அதை உடைத்தார். இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. படகு அங்கேயே நிற்கிறது.

அந்த அறையில் ஒரு விதி உண்டு. யாராவது வாய் தவறி "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டால், அவர்தான் எல்லாருக்கும் டீ போட வேண்டும்.

நம் எழுத்தருக்கு உயிர், தொடர்தான். 'ஒன்பதாம் அளவு நிலையம்'. மழையே பெய்யாத ஊருக்கு மழையை அளக்க ஓர் அதிகாரியை அனுப்புகிறார்கள். அவன் தினமும் ஏட்டில் சுழியம் எழுதுகிறான். அவனைப் பார்க்க வருகிறவர்களின் குடைகள் மட்டும் நனைந்திருக்கின்றன. ஏனென்று அவனும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. நாட்காட்டியில் ஒரே வாரத்தில் இரண்டு புதன்கிழமைகள் வருகின்றன. மேலதிகாரியின் முதுகை மட்டுமே நாம் பார்க்கிறோம். இருபத்திரண்டாவது வாரம், கடைசிக் காட்சியில் தொலைபேசி மணியடிக்கிறது. அவன் எடுத்து "ஆமாம்" என்கிறான். திரை இருண்டுவிடுகிறது. இருட்டில் பதினோரு விநாடிகள் தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அந்தப் பதினோரு விநாடிதான் குழுவை இரண்டாகப் பிளந்திருந்தது. கடைசியில் மழை பெய்துவிட்டது, அவன் காத்திருந்தது வீண் போகவில்லை என்றது மழைக் கட்சி. அவன் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான் என்றது குழாய்க் கட்சி. குழாய்க்குத் தலைவர் பல் டாக்டர். நாள் முழுக்க நோயாளியின் வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்கிறவர் என்பதால் அவர் பேச்சுக்குக் கொஞ்சம் எடை இருந்தது. மழைக்குத் தலைவி நம்மவர். நான்கு நோட்டுப் புத்தகங்கள் நிறைய ஆதாரம் வைத்திருந்தார். முப்பத்தொரு தடவை பார்த்திருந்தார். ஒன்பது வருடமாக அவருக்கு அந்த அறையில் பெயரே மழையக்காதான். வீட்டில் அண்ணி, அலுவலகத்தில் மேடம். மழையக்கா என்ற பெயர் மட்டுமே அவராகச் சம்பாதித்தது.

இனி ஓரகத்திக்கு வருவோம். மழையக்காவின் கொழுந்தன் மனைவி. அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறாள், குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையில் கவுண்டரில் வேலை. வீட்டுக்கு வந்து நான்கு வருடம். வந்த நாளிலிருந்து மழையக்கா ஓர் ஓட்டப்பந்தயத்தில் தோற்றுக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு பந்தயம் நடப்பதே ஓரகத்திக்குத் தெரியாது.

ஒரே செடியில் ஒடித்து ஆளுக்கொரு கிளை நட்டார்கள். மாடியில் பூத்தது, கீழே இலை விட்டதோடு சரி. மழையக்கா மூன்றாம் முயற்சியில் வாங்கிய ஓட்டுநர் உரிமத்தை அவள் முதல் முயற்சியில் வாங்கினாள், அதுவும் காலையில் சளி பிடித்திருந்த நிலையில். பக்கத்து வீட்டுப் பூனை கீழ்த்தளத்தில் சாப்பிட்டுவிட்டு மேல்தளத்தில் போய்த் தூங்கியது. இவ்வளவுக்கும் அவள் ஒரு நாள்கூடப் பெருமை அடித்துக்கொண்டதில்லை. அடித்துக்கொண்டால் இவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லி வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ளலாம். "உங்க செடியில இலை எவ்ளோ பச்சையா இருக்குக்கா!" என்றுவிட்டுப் போய்விடுவாள். அந்த வார்த்தை இரண்டு நாள் உள்ளே கிடந்து காந்தும்.

ஒரு சனிக்கிழமை மழையக்காவின் ஸ்கூட்டர் பஞ்சர். ஓரகத்தி தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். கீழே நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்துக் கடைக்காரர்தான் வினையை விலைக்கு வாங்கினார்.

"ஏம்மா வெயில்ல நிக்கிறீங்க? மேல வந்து உக்காருங்க."

"பரவால்ல சார், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது."

"எங்களுக்கும் புரியாதும்மா. அதுக்குத்தான் கூடுறோம்."

மூலையில் ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து அவள் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் வழக்கப்படி தொடங்கியது. விளக்கை அணைத்து, எல்லாரும் கண்ணை மூடி, அந்தப் பதினோரு விநாடியை ஒரு முறை கேட்பது அவர்கள் சம்பிரதாயம். ஒலிபெருக்கியில் தண்ணீர் விழத் தொடங்கியது. எட்டாவது விநாடியில் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், தொட்டி நிரம்பிடுச்சு. மோட்டாரை ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"எந்தத் தொட்டி?" என்றார் பல் டாக்டர்.

"மாடியில இருக்கிறதுதான். சத்தம் மெலிஞ்சு மேல ஏறுது பாருங்க, இன்னும் நாலு விரல்தான் பாக்கி. வழிஞ்சா கீழ உள்ள பேப்பர் எல்லாம் போயிடும்."

கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கட்டடத்துல மேல்தொட்டியே இல்லைம்மா."

அவள் ஒலிபெருக்கியைப் பார்த்தாள், எல்லார் முகத்தையும் பார்த்தாள். "அய்யோ, டிவியில வந்ததா? நான் நிஜத் தண்ணின்னு நினைச்சேன். தொட்டிதான், அவ்வளவுதான். நீங்க பாருங்க."

அவள் அந்த விலக்கப்பட்ட வார்த்தையைச் சொன்னதைக்கூட யாரும் உடனே கவனிக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். ஆறாவது தடவை பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பது வருஷம்," என்றார். "குழாய்னா சத்தம் ஒரே மட்டத்துல இருக்கணும். இது ஏறுது. நான் ராஜினாமா பண்றேன்." குழாய்க் கட்சி அன்று மாலை ஐந்தரைக்குக் கலைந்தது. பிறகு விதிப்படி ஓரகத்தி டீ போட்டாள். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் குடித்த நல்ல டீ அதுதான் என்று கடைக்காரர் சொன்னார். மழையக்கா பாதி டம்ளரை வைத்துவிட்டார்.

ஒரு விஷயம்தான் அவரை அதிகம் குடைந்தது. பத்தொன்பது வருடமாக "மேல்தொட்டி வழிந்து" என்ற சொற்களை ஆயிரக்கணக்கான கோப்புகளில் படித்தவர் அவர். தொட்டி எத்தனை மணிக்கு வழிந்தது, யார் மோட்டாரை நிறுத்த மறந்தார்கள், எந்தச் சுவர் ஊறியது, எல்லாம் அத்துப்படி. அது நிரம்பும்போது எப்படிச் சத்தம் போடும் என்று மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஓரகத்தியை ஆள்விட்டே அழைத்தார்கள். அந்த வாரம் தொடரில் இரண்டு பகுதிகள் பார்த்திருந்தாள், இரண்டாவதில் பாதியில் தூங்கிவிட்டாளாம். இதையும் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தக் குடைங்க நனைஞ்சிருக்கே, அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் பல் டாக்டர். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற அதே பணிவு.

"அது வாசல்ல தொட்டி வழியுதுன்னுல்ல நினைச்சேன். வர்றவங்க குடை பிடிச்சுக்கிட்டு உள்ள வர்றாங்க. அவரு எழுந்து வெளிய போய்ப் பார்க்கவே மாட்டேங்கிறாரு, ஏட்டையே பார்த்துக்கிட்டு இருக்காரு."

பன்னிரண்டு பேனாக்களில் பதினொன்று எழுதின. மழையக்காவின் மூன்றாவது நோட்டில் அந்தக் குடைகளுக்கென்று மட்டும் நாற்பது பக்கம் இருந்தது.

அன்றைக்குத்தான் கடைக்காரர் அந்தச் செய்தியைச் சொன்னார். தொடரின் ஒலிப்பதிவாளருக்கு அவர் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார். இப்போது பதில் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் வருகிறாராம். கதைக்கு அர்த்தம் சொல்ல ஒப்பந்தம் இடம் கொடுக்காது. ஒலியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்வார். அதற்குமேல் எழுதவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். அவர் ஓய்வு பெற்று ஊர் மாறுகிறார்.

யார் பேசுவது? இத்தனை வருடமும் குழுவின் வாய் மழையக்காதான். இந்த ஒரு நாளுக்காகத்தான் நான்கு நோட்டு எழுதினார் என்றுகூடச் சொல்லலாம்.

"தொட்டியான்னுதான் கேக்கப் போறோம்," என்றார் பல் டாக்டர். "கண்டுபிடிச்சவங்களே கேக்கட்டுமே."

"எப்பவும் மழையக்காதானே..." என்று கடைக்காரர் இழுத்தார். யாரும் அதை எட்டிப் பிடிக்கவில்லை.

"அதுக்கென்ன, அவளே கேக்கட்டும்," என்றார் மழையக்கா. ஆண்டறிக்கைக்குத் தோதான சிரிப்பு ஒன்று முகத்தில் இருந்தது.

ஓரகத்தி கையை ஆட்டினாள். "அய்யய்யோ, அன்னிக்குக் கடையில ஸ்டாக் எடுக்கணும். என்னால வர முடியாது. அக்கா கேக்கட்டும். அவங்களுக்குத்தானே இதெல்லாம் உசுரு."

பறித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. தனக்குச் சேர வேண்டியது தனக்கே பிச்சையாக வந்து விழுந்ததைக் கையில் வாங்கிக்கொண்டு, "சரிம்மா," என்றார் மழையக்கா.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, கணவர் மோட்டாரைப் போட்டதும், மழையக்கா மொட்டை மாடிக்குப் போனார். தொட்டி மூடியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனார். முதலில் தண்ணீர் அடியில் தொம்தொம் என்று விழுந்தது. கால் மணி நேரத்தில் குரல் மாறியது. பிறகு மெலிந்தது, கூர்மையானது. போனை எடுத்து அந்தப் பதினோரு விநாடியை ஓட்டினார். இடது காதில் தொடர், வலது காதில் வீட்டுத் தொட்டி. இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறின. இன்னொரு தடவை ஓட்டினார். சந்தேகத்துக்கு ஊசிமுனை இடம்கூட இல்லை.

"நிரம்பிடுச்சா? நிறுத்தவா?" என்று கீழேயிருந்து கணவர் கத்தினார்.

இவர் மூன்றாம் தடவையும் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வழிந்து மாடிவீட்டு பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளின் மேல் கொட்டியது. ஓரகத்தி ஈரச் சட்டையோடு மேலே ஓடிவந்தாள்.

"அக்கா! நீங்களா? இங்க என்ன பண்றீங்க?"

"தொட்டி கழுவணுமான்னு பார்க்க வந்தேன்."

"கேட்டீங்களா அந்தச் சத்தம்? அதேதானே?"

"நான் எங்க காது கொடுத்துக் கேட்டேன்," என்றார் மழையக்கா. "கவனிக்கல."

"சரி விடுங்க. துணியைத் திரும்பப் பிழியணும்," என்று அவள் இறங்கிப் போனாள். கோபிக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை. கடைக்காரர் கேள்வியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, தன் தொழில் தர்மப்படி லேமினேட்டும் செய்திருந்தார். "கடைசிப் பதினோரு விநாடிகளில் கேட்பது மேல்தொட்டி நிரம்பும் ஒலியா?" அட்டையை மழையக்காவின் கையில் கொடுத்தார். மணி அடிப்பதற்குமுன் மழையக்காவின் போனில் ஒரு செய்தி வந்தது. "அக்கா கலக்குங்க!" கூடவே கைதட்டும் பொம்மை. அவர் போனைக் குப்புறப் போட்டார்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு அழைப்பு வந்தது. வயதான குரல், நடுநடுவே இருமல்.

"வணக்கம். ரொம்ப வருஷமா எழுதுறீங்க. படிச்சிருக்கேன். கேளுங்க."

மற்ற பதினோரு பேரும் மேசையைச் சுற்றி மூச்சைப் பிடித்து நின்றார்கள். "ஆமாம்" என்று அந்த ஆள் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று மழையக்காவுக்குத் துல்லியமாகத் தெரியும். இருபத்திரண்டு வாரக் கதைக்கும் ஒன்பது வருடச் சண்டைக்கும், தூங்கிக்கொண்டே பார்த்தவள்தான் விடை சொன்னவள் என்று ஆகிவிடும். வீட்டில் அவள் அதைச் சிரித்துக்கொண்டே மறந்தும்போவாள்.

"அது மழையா?" என்றார்.

பல் டாக்டர் தலையில் கை வைத்தார்.

அந்தப் பக்கம் ஓர் இருமல். "இல்லை," என்றது குரல். பிறகு, ஏதோ இன்னும் சொல்ல இருந்ததுபோல ஒரு சின்ன இடைவெளி. "சரி. எல்லாரும் நல்லா இருங்க." தொடர்பு அறுந்தது.

"அக்கா!" என்று கடைக்காரர் அலறினார். "அட்டையில என்ன எழுதியிருந்தது?"

"பழக்கத்துல வந்திடுச்சு," என்றார் மழையக்கா.

"விளையாட்டா இருந்தா சேவ் பண்ணி வச்ச இடத்துல இருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்," என்றார் பல் டாக்டர் கசப்பாக. "இதுக்கு எங்க போறது?"

அரை மணி நேரம் திட்டினார்கள். இதற்குள் ஒருவர், மழை இல்லை என்றுதானே ஆயிற்று, தொட்டி என்று ஆகவில்லையே என்றார். இன்னொருவர், கடைசியில் அவர் ஏன் அந்த இடைவெளி விட்டார் என்றார். ஏழு மணிக்கு மூன்று கட்சிகள் இருந்தன. பல் டாக்டர் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு குழாய்க்கே திரும்பினார். ஆமாம் என்ற பதில் வந்திருந்தால் அன்றோடு அறையைப் பூட்டிச் சாவியைக் கடைக்காரர் ஆணியில் மாட்டியிருப்பார். இப்போது பதினாறு பேர் வருகிறார்கள். மழைக் கட்சியில் மட்டும் ஆள் இல்லை. மழையக்கா என்ற பெயர் அப்படியே இருக்கிறது, கூப்பிடுகிற தொனிதான் மாறிவிட்டது.

ஓரகத்தியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். "தொட்டியான்னு கேக்கலையா? அட, விடுங்கக்கா," என்றாள். அதற்கும் சேர்த்து மழையக்காவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

மற்றபடி நடந்தது இதுதான். கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அது தொட்டி என்று அவருக்குப் புதன்கிழமையே தெரியும். சனிக்கிழமை ஐந்து மணி ஏழு நிமிடத்துக்கு அவர் அந்த அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, இல்லை என்றுதான் பதில் வரும் என்று தெரிந்தே, மழையா என்று கேட்டார்.